மூன்று சங்கு

"மூணு தபா வேணாம் சார். ஒரு தபா ஊதினா போதும்."

கிளமென்ட் கைகட்டி நின்றார். சந்திரகிரி சாலையில் பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்த நூல் மில், அன்று சுற்றுலா இடமாகத் திறக்கப்படுகிறது. ஓடிய காலத்தில் சுண்ணாம்புகூடக் காணாத சுவர்களுக்கெல்லாம் இப்போது பெயின்ட் யோகம். நூற்பு ஷெட்டில் கேன்டீன், வாசலில் செல்ஃபி மேடை. பழைய ஆட்களில் திரும்ப வேலை கிடைத்தது, மில் சங்கு ஊதிய கிளமென்டுக்கு மட்டும்தான்.

"ஒண்ணு ஊதினா, ஜனங்க திரும்பிப் பார்க்கறதுக்குள்ள முடிஞ்சிடும் கிளமென்ட் காரு" என்றார் மேனேஜர் ஸ்ரீஹரி.

"ஷிப்டுக்குத்தான் சார் ஒண்ணு. மூணு ஊதினா உள்ள யாருக்கோ ஆபத்துன்னு அர்த்தம். காலனி பொம்பளைங்க போட்டது போட்டபடி கேட்டுக்கு ஓடியாருவாங்க."

"காலனில இப்ப நாலு குடும்பம்கூட இல்ல. யாரு வரப் போறாங்க? பர்வாலேது, ஒண்ணும் ஆகாது, ஊதுங்க. உங்களால முடியலன்னா சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணி ஒரு சுவிட்ச் வச்சிடலாம்."

சுவிட்ச் வந்துவிட்டால் கிளமென்ட் எதற்கு? இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சங்கின் கைப்பிடி இருந்த பக்கம் நடந்தார்.

ரிப்பன் வெட்டியதும் கைப்பிடியை இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

கூட்டம் கைதட்டியது. தட்டி ஓய்வதற்குள் ஒரு பெண் செருப்பில்லாமல், தலை அவிழ்ந்து, கையெல்லாம் மாவோடு ஓடி வந்து, பூட்டியிருந்த பின்பக்க கேட்டைப் படபடவென்று அடித்தாள்.

"கேட்டத் தொறங்க! எம்புள்ள உள்ள கீறான்! ஐயோ, யாராச்சும் தொறங்களேன்!"

அத்தனை பேரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார். அவள் கம்பியைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள்.

ஸ்ரீஹரிக்கு வாயெல்லாம் பல். "வேணாம் வேணாம்னுட்டு, ஓடியார ஆளையே ரெடி பண்ணி வச்சிருக்கீங்களே! என்னமா நடிக்குது அந்த அம்மா! தினம் மூணு ஷோவுக்கும் வரச் சொல்லுங்க."

கிளமென்ட் கைப்பிடியை விட்டார். அவருக்குக் கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அவ நடிக்கல சார், எம்பொண்டாட்டி கிரேஸு. பஞ்சு குடோன் எரிஞ்ச அன்னிக்கும் மூணு தபா ஊதினது நான்தான்... உள்ள மாட்டிக்கினு கீறது எங்க புள்ள ஜெர்ரின்னு தெரியாமயே ஊதிக்கினு இருந்தேன்."