பூஜ்யம் போட்ட ரிப்போர்ட்

டக் டக் டக் டக். நிற்காமல் ஓடி, கடைசியில் ஒரு டிங்.

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும்தான் வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனிராஜுக்கு அதுவே போதுமாக இருந்தது. வெள்ளையணு எண்ணுகிற கவுண்டர் அது. ஓர் அணுவைப் பார்த்தால் ஒரு தட்டு. நூறு ஆனதும் மணி. அவனும் அடுகோடி ஏரியாவில் ஒரு லேபில் டெக்னீஷியன்தான்.

இவ்வளவு வேகத்தில் எவனாலும் நூறு அணுவைப் பார்க்க முடியாது.

திரையை விலக்கிக்கொண்டு மௌரீன் வந்தாள். காக்ஸ் டவுனில் அந்த லேபை அவள் ஒருத்திதான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"பேபி சங்கமித்ரா. யாரு சார்?"

முனிராஜ் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தான். முகம் இறுகியது.

"மோனோசைட் பூஜ்யமா?"

"ஆமா சார். அதுல என்ன?"

"ஸ்லைடைப் பாத்தீங்களா மேடம், இல்ல உள்ள பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டிருந்தீங்களா?"

பெஞ்சில் சர்க்கரை டெஸ்டுக்குக் காத்திருந்த ரத்தினம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா? ரத்தத்துல கேன்சர் என் பொண்ணுக்கு. மருந்து ஏத்தி, வெள்ளையணு மொத்தமும் விழுந்து, தனி ரூம்ல கெடக்கா. அவங்கம்மாவே மூக்கைக் கட்டிக்கிட்டுத்தான் கிட்ட போறா. ஆஸ்பத்திரி மிஷின் ரிப்பேர்னு இங்க அனுப்பினாங்க. எலும்புக்குள்ள மறுபடியும் உற்பத்தி ஆரம்பிச்சா மொதல்ல தலைகாட்டறது மோனோசைட். அது வந்துடுச்சான்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்கு விடறதப் பத்திப் பேசுவேன்னாரு டாக்டரு. நீங்க பேனாவாலேயே அதைத் தொடைச்சுட்டீங்க."

"இன்னா தம்பி அது, மோனோ?" என்றாள் ரத்தினம்மாள்.

"வெள்ளையணுல ஒரு ஜாதிம்மா. எலும்புக்குள்ள பொறந்து, ரெண்டு மூணு நாள் ரத்தத்துல சுத்தும். அப்புறம் நுரையீரல், சதைன்னு உள்ள பூந்து பெருசாயிடும். கிருமி வந்தா அப்படியே முழுங்கும். செத்த அணுவையும் அதுதான் தின்னு சுத்தம் பண்ணும். முழுங்கின கிருமியில ஒரு துண்டை எடுத்து, இவன்தான் திருடன்னு மத்த அணுவுக்கெல்லாம் காட்டியும் குடுக்கும்."

"போலீசும் அதுவே, குப்பை வார்றதும் அதுவேவா? நம்ம ஈஜிபுரா ஏரியாவுக்கு நாலு அனுப்பச் சொல்லுப்பா."

முனிராஜ் சிரிக்கவில்லை. மௌரீன் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நீங்களும் இந்த லைன்லதான் இருக்கீங்க போல. உங்களுக்குத் தெரியாததா? நூத்துல நாலு அஞ்சு இருக்கும். அதை யாரு தேடிக்கிட்டு உக்காருவா? டாக்டருங்களும் அந்த வரியைப் படிக்கறதில்ல. எல்லா லேபுலயும் பூஜ்யம்தான் போடறாங்க."

"எல்லாரும் போட்டா? நல்லா இருக்கற மனுஷனுக்கே பூஜ்யம் வராது. அது தெரிஞ்சே போடறீங்க. ஆஸ்பத்திரியில ஒரு கொழந்தை காத்துக்கிட்டிருக்குன்னு ஒரு நிமிஷம் நெனைச்சீங்களா? சம்பளம் வாங்கற கையி கூச வேணாமா?"

மௌரீனின் காது மடல் சிவந்தது.

"நீங்களே எண்ணியிருக்கலாமே சார்."

"சொந்தப் பொண்ணு ஸ்லைடு மேடம். வச்சுப் பாத்தேன். கண்ணுல தண்ணி கட்டிக்குது, ஒண்ணும் தெரியல. அதனாலதான் உங்களை நம்பி வந்தேன்."

மௌரீன் திரையை ஒரேயடியாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஸ்லைடை மறுபடி ஏற்றி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குனிந்தாள். இப்போது தட்டு ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து விழுந்தது. முனிராஜ் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். ரத்தினம்மாள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தாள்.

வெகுநேரம் கழித்து மௌரீன் நிமிர்ந்தாள்.

"இருக்கு சார். பெருசு பெருசா, குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச கருவோட. அவசரத்துல லிம்போசைட்டோட சேத்துத் தள்ளிட்டேன். நூத்துக்குப் பதினெட்டு வருது. சாரி சார்."

புது ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகும் முனிராஜுக்குக் கோபம் தணியவில்லை.

"இன்னிக்கு நான் கேட்டதால ஆச்சு. கேக்கத் தெரியாதவங்க புள்ளைங்க என்ன மேடம் பண்ணும்?"

"செரியாத்தான் கேட்டே தம்பி," என்றாள் ரத்தினம்மாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "நல்ல சேதி. ரெண்டு நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்," என்றார். மனைவி சுனிதா மூக்குத் துணியை இறக்கிவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சாயந்திரம் அடுகோடி லேபுக்கு முனிராஜ் வந்தபோது பெஞ்சு நிறைய ஆட்கள். மடியில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"சார், பத்து நாளா ஜுரம் விட மாட்டேங்குது. ரத்தம் குடுத்துட்டுப் போனோமே. ரிப்போர்ட் ஆயிடுச்சா?"

"இதோ ஆயிடுச்சும்மா. உக்காருங்க."

முனிராஜ் உள்ளே போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ரிப்போர்ட் தாள்களை ஒன்றாக அடுக்கி வைத்து, பேனாவைத் திறந்து, வழக்கம்போல முதலில் எல்லாத் தாளிலும் மோனோசைட்டுக்கு நேரே பூஜ்யம் போட ஆரம்பித்தான். மைக்ராஸ்கோப்பின் உறையை அவன் இன்னும் கழற்றவில்லை.