ஏழு பேரும் ஃபெயில்

உங்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். நிச்சயம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்; முதலில் என் அக்கா அழுது முடிக்கட்டும்.

"அஞ்சு மாசம்டா. ஏழு பேர். 'மை நேம் இஸ்'க்கு மேல ஒருத்தருக்கும் வாய் வரலை. ரெண்டு டெஸ்ட் வெச்சாச்சு. ரெண்டுலயும் ஏழு பேரும் ஃபெயில்."

மருந்துக் கடைக்கு மேலே மாடி அறையில், ஆரம்ப வகுப்புக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறாள் அக்கா. படிக்க வருகிறவர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள். ஆளுக்கு ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறவர்கள். கடையைப் பூட்டிவிட்டு வருவார்கள்.

"மேனேஜர் திட்டினாரா?"

"அவர் எதுக்குத் திட்டப் போறார்? 'ஆள் வர்றாங்கல்ல, நடத்தும்மா'ன்னுட்டார். எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியலை. சனிக்கிழமை மூணாவது டெஸ்ட். அதுலயும் இப்படின்னா, ராஜினாமா லெட்டரைக் கொடுத்துட்டு மாமா கம்பெனியில டைப் அடிக்கப் போறேன்."

நான் நல்ல தம்பிதான். ஆனாலும் அந்த நேரத்தில் என் கண் அவள் மடியிலிருந்த வருகைப் பதிவேட்டின் மேல்தான் இருந்தது. ஏழு பெயர். பக்கத்திலேயே ஏழு போன் நம்பர்.

எனக்கு யார் குரலும் வரும். அம்மா குரலில் கூப்பிட்டு அப்பாவை ஒரே உப்புக்கு இரண்டு தடவை கடைக்கு ஓட விட்டிருக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் குரல் எம்மாத்திரம்? ஏழு பேரும் திக்குவதைப் பதிவு செய்து நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால், ஒரு வாரத்துக்குச் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

முதலில் சைக்கிள் கடைக்காரர். கட்டைக் குரலில், ஆங்கிலத்தில், வாடகைக்கு சைக்கிள் வேண்டும் என்றேன்.

"யெஸ் சார், கம் சார். யூ டால் மேன் ஆர் ஷார்ட் மேன்? டெல் மீ. சீட் ஐ அட்ஜஸ்ட்."

திக்கல் இல்லை, திணறல் இல்லை. நான்தான் வார்த்தை வராமல் போனை வைத்தேன்.

அடுத்து தையல்கடை அம்மா. நீங்கள் தைத்த கோட்டில் பட்டன் தெறித்துவிட்டது என்று கத்தினேன்.

"பட்டன் நாட் மை மிஸ்டேக், சார். யுவர் ஸ்டமக் மிஸ்டேக். பட் கம். ஐ ஃபிக்ஸ். நோ ஷவுட்டிங்."

ஐந்து நிமிடம் சண்டை போட்டேன். அவர்தான் ஜெயித்தார்.

மறுநாள், மறந்துபோன குடையைக் கொடுக்கிற சாக்கில் அக்காவின் வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா சைக்கிள் கடைக்காரரை எழுப்பி, கடையில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மை... மை நேம்... சைக்கிள்."

தையல்கடை அம்மா அதற்கும் மேலே. எதைக் கேட்டாலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "யெஸ் டீச்சர், நோ டீச்சர்."

நேற்று என்னிடம் பேசியது யார்? ராங் நம்பரா? ராங் நம்பரில் எப்படி சைக்கிளும் இருக்கும், பட்டனும் இருக்கும்? ஒரு நாள் தெரிந்தது மறுநாள் மறந்துவிடுகிற வியாதி ஏதாவது உண்டா? ஒரே ஒரு பதில்தான் பொருந்தியது: ஊரில் யாரிடமும் பேசுகிறார்கள், அக்காவைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்படியானால் அவள் அவ்வளவு மோசமான டீச்சரா? இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. சாயங்காலம் அக்கா கூடத்தில் உட்கார்ந்து லெட்டர் எழுதத் தொடங்கிவிட்டாள். நான் என் அறையில், சைக்கிள் கடைக்காரரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். தையல்கடை அம்மாவின் குரலில்.

அந்தக் குரல் லேசில் வராது. பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். நான் ஒரு பென்சிலைக் கடித்து, இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் அம்மாவின் போனை எடுத்து மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, நான்தான் தையல்கடை. இது வேற போன்."

"சொல்லுங்கம்மா."

கவரை ஒட்ட கோந்து தேடிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். பென்சிலும் கையுமாக இருந்தவனைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நிறுத்தவும் முடியாது, துண்டிக்கவும் முடியாது.

"நாளைக்கு டெஸ்டாச்சே தம்பி. டீச்சரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குதே, ஏன்?"

அந்தப் பக்கம் சிரித்தார். "என்கிட்டயே எதுக்கும்மா நடிக்கிறீங்க? பேசி வெச்சபடிதான். நாளைக்கும் ஏழு பேரும் ஃபெயில். போன டெஸ்ட்டுல நீங்க ஒரு வரியை முழுசாச் சொல்லப் போயிட்டீங்க, எனக்கு உயிரே போயிடுச்சு."

"சொன்னா என்ன தம்பி?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? நாம பாஸானா மேனேஜர் எடுக்கிற மேல் வகுப்புக்குப் போயிடுவோம். ஆரம்ப வகுப்புல புதுசாச் சேர ஆள் இல்லை, அந்தப் பொண்ணை நிறுத்திடுவேன்னு அவர் படியில நின்னு போன்ல சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல இருந்தீங்க? நமக்கு வாயைக் கொடுத்த பொண்ணும்மா அது. கடையில பேச வந்துடுச்சு, நமக்கு அது போதும். டெஸ்ட்டுல ஃபெயிலானா என்ன குறைஞ்சிடப் போறோம்?"

என் வாயிலிருந்து பென்சில் விழுந்தது.

அக்கா மெதுவாக வந்து போனைக் கையில் எடுத்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. குரல் மட்டும் வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"அண்ணே, டீச்சர் பேசறேன். இப்பச் சொன்னீங்களே, அதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க."