ஆட்டுப் படம் போட்ட பாட்டில்

வாசல் வெயிலில் என் பேத்தி அபி நிற்கிறாள். நிற்கிறாள் என்று எப்படிச் சொல்வது, காற்றில்லாமலே ஆடுகிறாள். கண் சொருகுகிறது, வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. பக்கத்தில் மருமகள் அனுசுயா. ஒரு கையில் குழம்புக் கரண்டி, இன்னொரு கையில் பாட்டில். ஆட்டுக்கு வாங்கின பூச்சி மருந்து அது, கொட்டகைக் கூரையில் நான் செருகி வைத்தது.

“பேனு தாங்கலை மாமா. ஆடிக் கிருத்திகைக்கு நேந்துகின முடி, கத்திரி வைக்கக் கூடாது. ஆட்டுக்கு ஊத்தினா உண்ணியெல்லாம் உதிருதே, அதான் இவளுக்கும் ஒரு கரண்டி குடுத்தேன்.”

“பாட்டில் மேலே கொம்பு வச்ச ஆடு நிக்கிதே, உன் கண்ணுக்குத் தெரியலையா?”

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். டாக்டர், ஊசி, மாத்திரை எதையும் நம்பாதவன் நான். இப்போது பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடுகிறேன்.

“பாட்டிலை உட்டுட்டு வராதே நைனா,” என்கிறான் ஆட்டோக்காரன் கந்தன். “இந்த மருந்து மனுசனுக்கும் கீது. ஆனா டாக்டரு எடை பாத்துத்தான் எழுதுவாரு. இவ எது குடிச்சா, எவ்ளோ குடிச்சான்னு கேப்பாரு.”

அனுசுயா கரண்டியையும் விடாமல் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். மலை மேலே கோயில் மணி அடிக்கிறது, எங்களில் யாருக்கும் கை கூப்பத் தோன்றவில்லை. என் மடியில் அபியின் தலை துவண்டு கிடக்கிறது. நேர்ந்துவிட்ட முடிக்குள்ளிருந்து ஒரு பேன் வெளியே வந்து, அவள் நெற்றியில் நிதானமாக ஊர்ந்து போகிறது.