பொட்டு வைக்க முடியாத மெஷின்

“அந்த மும்பை மெஷினுக்குப் பொட்டு வைக்கணும்னா எங்கன வைக்க?”

சந்தனக் கிண்ணமும் கையுமாக வந்து நின்றார் பூவனநாதன் அண்ணாச்சி. கோவில்பட்டியில் அவருடைய தீப்பெட்டிக் கம்பெனியில் நாளைக்கு ஆயுத பூசை. லேபிள் ஒட்டும் மெஷினிலிருந்து வாசலில் நிற்கும் மினி லாரி வரைக்கும் கழுவித் துடைத்தாயிற்று. பாக்கி இருப்பது ஆர்டர் எல்லாம் ஏறுகிற, மும்பையில் வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்றுதான்.

விஜயராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டான். கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் அவன் ஒருவன் தலையில். நிம்மதியாகத் தூங்கி எத்தனை மாதமாயிற்றோ, அவனுக்கே மறந்துவிட்டது.

“வைக்க முடியாது அண்ணாச்சி. அது தனி மெஷினே இல்ல. பெரிய மெஷினு ஒண்ணைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடுதாங்க. அதுல ஒரு ரூம்பு நம்மளுது, அவ்வளவுதான்.”

“சரி, பொட்டு வேண்டாம். ஓய்வாவது குடுப்போம். நாளைக்கு ஒரு நாள் நிப்பாட்டிரு.”

சொல்லிவிட்டுப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அதுக்கு முன்னால சில சந்தேகம். நிப்பாட்டினா உள்ள இருக்கிற ஆர்டர் எல்லாம் அழிஞ்சிருமா?”

விஜயராஜுக்குச் சுரீர் என்றது. மூன்று வருடமாக “ஓடுதாலே?” என்பதற்கு மேல் சர்வரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனுஷன்! இவருக்கு யார் எழுதிக் கொடுத்தது? மாரிராஜாகத்தான் இருக்கும். புதுசாக வந்த மேனேஜர். யார் வேண்டும், யார் வேண்டாம் என்று ஒவ்வொரு பிரிவாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். இன்றைக்கு நம்ம முறை போல.

“நிப்பாட்டினா அழியாது. டிஸ்க்ல அப்படியே கிடக்கும். மொத்தமா டெலீட் பண்ணினாத்தான் போகும்.”

“திருப்பி ஓடவிட்டா அட்ரஸ் மாறிருமாமே? நம்ம ஏஜென்ட்டுக எல்லாம் எங்க ஆர்டர் போடன்னு முழிப்பாங்களே?”

“சாதாரணமா மாறும். ஆனா நாம மாறாத அட்ரஸா வாங்கி வச்சிருக்கோம்.”

“தீபாவளி நேரத்துல ஆர்டர் குமிஞ்சா பெரிசாக்க முடியுமா?”

“முடியும்.”

“உள்ள போற சாவி தொலைஞ்சுட்டா?”

“வேற வழி இருக்கு அண்ணாச்சி. டிஸ்க்கைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டி எடுக்கலாம்.”

அண்ணாச்சி ஒவ்வொரு கேள்விக்கும் பேனாவால் ஒரு டிக் போட்டார். விஜயராஜுக்கு அலுப்பாக வந்தது. அவன் செல்போன் மேசையில் அதிர்ந்தது. மனைவி உமாதேவி. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்பாள் என்று தெரியும்.

விஜயதசமி அன்றைக்கு நாகலாபுரத்தில் மகளுக்குக் காது குத்து. இவனால் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. ‘சர்வரை விட்டுட்டு நகர முடியாது, அண்ணாச்சி லீவு தரமாட்டேங்காவ’ என்று இவன் சொல்ல, ‘இந்தத் தடவை நீங்க வந்தாலும் வராட்டாலும் நடக்கும்’ என்று அவள் சொல்லிவிட்டாள். பெற்ற அப்பன் இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்து. அவளும் இவனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தவள்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு இதெல்லாம் அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

“ஆர்டருக்கெல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வைக்கிறது யாரு? நீயா?”

“தினமும் அதுவே... எடுத்துக்கிடும்.”

குரல் இறங்கிவிட்டது. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“ஆறாவது கேள்வி. திடீர்னு படுத்துக்கிட்டா அதுவே எந்திரிச்சுக்கிடுமா? இல்ல, எந்நேரமும் ஆள் ஒருத்தன் இங்கன உக்காந்து முழிச்சுப் பாக்கணுமா?”

வந்துவிட்டது. இதற்குத்தான் இத்தனை சுற்று. பார்க்கணும் என்று சொன்னால் வேலை நிலைக்கும். இத்தனை நாளும் அப்படித்தான் நிலைத்தது. பொய் சொல்ல வாயைத் திறந்தான். அசதி, ஐயா, அசதி! இனி ஒரு பொய்யைச் சுமக்க உடம்பில் தெம்பில்லை.

“ஆள் வேண்டாம் அண்ணாச்சி. ஒரு வருசத்துக்கு முன்னாலயே எல்லாத்தையும் செட் பண்ணி வச்சுட்டேன். விழுந்தா அதுவே எந்திரிக்கும். எந்திரிக்காட்டா எந்த ஊர்ல இருந்தாலும் என் போனுக்கு மெசேஜ் வரும். நான் இங்கன உக்காந்திருக்கணும்னு அவசியமே இல்ல.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பு என்று சொல்லப்போகிறார். சொல்லட்டும்.

“ஏலே, இந்தப் பயத்துலயா இப்படிக் காஞ்சு போய்க் கிடக்க?” அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “அதைத் தானா ஓட வச்சவனை எவனாவது அனுப்புவானா? நாளைக்குப் புதுசா ஒண்ணு வேணும்னா நான் யார்ட்டப் போய் நிப்பேன்?”

“அப்போ... இந்தத் தாளு? மாரிராஜ் சார் எழுதலையா?”

“அவனுக்கு என்ன தெரியும்? காலையில உம் மச்சினன் இசக்கிதுரை காதுகுத்துப் பத்திரிகை வைக்க வந்தான். அதுக்குள்ள இருந்துச்சு. ஏழாவது கேள்வி உனக்காம், இந்தா.”

கல்லூரியில் இவனுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்த அதே குண்டுக் கையெழுத்து, தாளின் அடியில் கேட்டிருந்தது:

‘மூணு வருசத்துல ஒரு தடவைகூட நீங்க லீவே கேக்கலைன்னு அண்ணாச்சி போன்ல சொல்லுதாவ. அப்போ எங்களுக்கு உங்களைத் தராதது யாரு?’