தொரையின் வெறுங்கால்

இது 1989 ஆவணியில், நோர்வூட் ஊர்க்காரர் லியனார்ட் சொல்லக் கேட்டது. கதை நடந்த வாசலில் காவல் நின்றவர் அவர்.

பல்கலைக்கழகத்தின் இலங்கை மலையகத்து அட்டன் கிளைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதைக் காட்டும் விழா. நூலகத்துக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் பொறுப்பாளர் ஜோசப்பின். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த அவளுடைய தாய் அந்தோனியம்மா, மகள் வாங்கித் தந்த புதுச் செருப்போடு வந்திருந்தாள். துணைக்கு நாத்தனார் இராசம்மா.

"செருப்பக் கழட்டிட்டுப் போங்கம்மா," என்றார் லியனார்ட்.

அந்தோனியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "யாரு போட்ட சட்டம்?"

"ஒங்க மகதாங்க."

இராசம்மா விடுவாளா? "பாத்தீங்களா அண்ணி! தோட்டத்து ஆபீசுல தொரை கழட்டச் சொன்னாரு. இங்க பெத்த மகளே சொல்றா. பெரிய படிப்புல்ல!"

திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது அந்தோனியம்மாவுக்கு. அதற்குள் ஜோசப்பினே வெறுங்காலோடு வெளியே வந்தாள்.

"கழட்டும்மா. தூசி பட்டா மெஷின் கெட்டுரும்."

குரலில் கொஞ்சமும் இளக்கமில்லை. அந்தோனியம்மா கழற்றினாள். கண் கலங்கியதை யாருக்கும் காட்டாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

அப்போது ஜீப் வந்து நின்றது. விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்த அவர்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை, சப்பாத்து அதிரப் படியேறினார்.

"சப்பாத்தக் கழட்டணுங்க சேர்," என்றாள் ஜோசப்பின்.

"நானுமா?"

"எல்லாரும்தான் சேர். எங்கம்மாவே கழட்டிட்டாங்க."

தொரை அந்தோனியம்மாவின் பாதங்களைப் பார்த்தார்; கூடியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, குனிந்து, கயிற்றை அவிழ்த்தார். காலுறைக் கிழிசலில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. வெட்கப்பட்டுக் காலுறையையும் உருவினார்.

உள்ளே கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. ஊரே அதைப் பார்த்து வாய் பிளந்தது. அந்தோனியம்மாவின் கண் அந்தப் பக்கமே போகவில்லை. நாத்தனாரின் தோளை இடித்தாள்.

"ஏன்டி இராசம்மா... தொரை காலும் நம்ம காலு மாதிரிதான்டி இருக்கு!"

வட்டகொடைப் பக்கம் இந்தக் கதையைச் சொல்பவர்கள், தொரை கழற்ற மனமின்றி ஜீப்பில் திரும்பிவிட்டதாக முடிப்பர். ஆனால் மறுநாள் மகளைப் பார்க்க வந்து அதே வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்த அந்தோனியம்மாவிடம் லியனார்ட் சொன்ன வார்த்தை எவர் வாயிலும் மாறுவதில்லை:

"போட்டுக்கிட்டே போங்கம்மா. தொரை வர்றாருன்னு தெரிஞ்சப்புறம் ஜோசப்பின் மிஸ் போட்ட சட்டம் அது. நேத்தோட சரி."