கியர்பாக்ஸ் ஆயில்

"போறவ வண்டிக்கு நான் ஏன் ஆயில் மாத்தணும்? வழியில நின்னா நிக்கட்டும். திரும்பி வந்துதானே ஆகணும்?"

காபிக் கோப்பையை வாசல்படியில் 'ணங்'கென்று வைத்தான் ட்ராய்.

ஆர்டித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைதான். அதற்காக?

"வாயைக் கழுவுடா! பதினோரு வருஷம் உன்னோட குடித்தனம் பண்ணவ அவ. நாளைக்குக் காலையில குதிரை டிரெய்லர் நிறைய சாமானை இழுத்துக்கிட்டு சியாட்டிலுக்கு மலையேறப் போறா. நடுவழியில கியர்பாக்ஸ் கருகிப் போச்சுன்னா? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. அப்படியே ஓடும். கழட்டாதம்மா."

"கழட்டத்தான் போறேன். என் கை என்ன முறிஞ்சா போச்சு?"

பனி தள்ளும் லாரிகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய கை. மருமகள் ஷானாவின் பிக்கப் வண்டியை வீதியில் ஒரு சுற்று ஓட்டி, ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். கையிருப்பில் இருந்த புது ஆயில் டப்பாக்களை வரிசையாக வைத்தாள். நான்கு சக்கரத்தையும் முட்டுக்கட்டைமேல் ஏற்றி, அறுபத்தாறு வயசில் முதுகைத் தரையில் சரித்து உள்ளே நகர்ந்தாள்.

வெளியே ஜூன் மாதத்து மதியம். காட்டன்வுட் மரங்கள் பஞ்சு உதிர்த்துக்கொண்டிருந்தன. காற்றே இல்லை. ஆனாலும் பஞ்சு விழாமல் மிதந்தது. வண்டிக்கு அடியிலும் ஒன்றிரண்டு வந்து, அவள் மூக்குக்குமேல் நின்று யோசித்துவிட்டுப் போயின. வாய்க்கால் தண்ணீர் எங்கோ முணுமுணுத்தது.

அங்கிருந்து பார்த்தால் உலகத்தில் கால்கள் மட்டும்தான். ஷானாவின் பூட்ஸ் வீட்டுக்கும் டிரெய்லருக்கும் நடந்தது. ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் மெதுவாக. படியில் ட்ராயின் பூட்ஸ் அசையாமல் இருந்தது.

குடி இல்லை, அடி இல்லை. அவர்களுக்குள் பேச்சுதான் இல்லை. போன மாதம் ஷானா சொல்லி அழுதாள். "சுவர்கூட எதிரொலிக்கும் அத்தை. இவர் அதுகூட இல்லை. நான் இருக்கிறதும் இல்லாததும் அவருக்கு ஒண்ணுதான்."

ஆர்டித் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டித் திருகினாள்.

ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்ந்தது. இந்த வண்டியில் ஆயில் பார்க்கிற குச்சி கிடையாது. திறந்தால்தான் உள்ளே என்ன கதி என்று தெரியும். லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடியும் கைபடாத ஆயில். கரிக்கட்டையாய்க் கறுத்து, தீய்ந்த நாற்றம் அடிக்கப்போகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கியர்பாக்ஸின் அடித்தட்டு ஓரத்தை ரப்பர் சுத்தியலால் தட்டினாள்.

படியில் இருந்த பூட்ஸ் சட்டென்று எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டது.

ஆயில் வழிந்தது.

சிவப்பாக. டப்பாவில் இருக்கிற புது ஆயிலின் நிறம். செர்ரிப் பழச்சாறு மாதிரி, வெயில் ஊடுருவும் சிவப்பாக. அந்தப் பக்கம் மிதந்த பஞ்சுகூட அதன் வழியே ரோஜா நிறமாய்த் தெரிந்தது. ஆர்டித் ஒரு நிமிஷம் தான் தூங்கிப்போய்க் கனவு காண்கிறோமோ என்று நினைத்தாள்.

"ஷானா! வேற எங்கேயாவது குடுத்து ஆயில் மாத்தினியா?"

"இல்லையே அத்தை. வாங்கினதுலேருந்து யாரும் தொட்டதே இல்லை."

தட்டை முழுசாக இறக்கினாள். அதிலிருந்த காந்தத்தில் சேறு மாதிரி இரும்புத்தூள் அப்பியிருக்க வேண்டும். ஆனால் துடைத்து வைத்ததுபோல் பளபளவென்றிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஃபில்டர் புத்தம் புதுசு. அதன் வயிற்றில் ஆணியால் நுணுக்கி நுணுக்கி ஏதோ கீறியிருந்தது.

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் ஆயில்.

"ஷானா, வியாழக்கிழமை வண்டி எங்கே நின்னுச்சு?"

"ஆஸ்பத்திரி பார்க்கிங்ல. அன்னிக்குத்தானே எனக்குக் கடைசி டியூட்டி, பன்னிரண்டு மணி நேரம். ஏன்?"

"இங்க வா. என் பக்கத்துல வந்து படு."

"ஐயோ, பெரிய ரிப்பேரா அத்தை?"

"பேசாம படு. படுத்துட்டு, மேல பார்த்துப் படி."

ஷானா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நகர்ந்து வந்தாள். கையிலிருந்த டேப் சுருள் உருண்டு புல்லுக்குள் போனது. ஆர்டித் டார்ச்சைத் திருப்பினாள்.

வியாழக்கிழமை தேதி. அன்றைக்கு வண்டி ஓடியிருந்த மைல் கணக்கு. அதற்குக் கீழே ட்ராயின் கோணல் எழுத்து:

"இதை அடுத்துத் திறக்கப்போற மெக்கானிக் அண்ணனுக்கு: இவ மலையில வேகமா ஓட்டுவா, சொன்னா கேக்க மாட்டா. எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை முறுக்கிப் பாத்துடுங்க. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."