ராகுகாலத்தில் கிளம்பாத கார்

உலகப் போரை நிறுத்தியது எங்கள் பெரம்பூர்த் தெருதான். சிரிக்காதீர்கள்.

அணுகுண்டு நாடுகள் போட்ட ஒப்பந்தப்படி, ஒவ்வொரு அதிபரின் பிள்ளையும் எதிரி நாட்டில்தான் குடியிருக்க வேண்டும். எங்கள் மாடியில் இருந்தவள் எதிரி அதிபரின் மகள் மிரேலா. கொடியில் அவள் துணி காய்ந்தால்தான் தெருவே தூங்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை கொடி காலி. வாசலில் தூதரகக் கார். பெட்டியோடு இறங்கி வந்தவள் அழுதாள்.

"அப்பா உடனே வரச் சொல்லிட்டார், ஆன்ட்டி."

என் மனைவி குமுதவல்லி அவள் கையை விடவே இல்லை. மிரேலா விமானம் ஏறிவிட்டால் எங்கள் தலையில் என்ன விழும் என்று எல்லோருக்கும் தெரியும். தெருவே வாசலில் கூடிவிட்டது.

அப்போது கூட்டத்தில் யாரோ அலறினார்கள்: "ராகுகாலம்! வண்டிய எடுக்காதப்பா!"

டிரைவர் திண்டிவனத்துக்காரர். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒம்பது மணிக்கு மேல போலாம்மா."

அதற்குள் விமானம் போய்விட்டது. மகள் இங்கே இருக்கையில் அப்பா குண்டு போடுவாரா? சாயங்காலமே பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தார்.

எதிர்வீட்டு இளஞ்செழியன் பகுத்தறிவு மேடைப் பேச்சாளர். "ராகுகாலமாவது, வண்டி நின்னதாவது! கதை விடாதய்யா" என்பார் எப்போதும். நேற்று டீக்கடையில் எல்லோரும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டோம்.

"நடந்ததுதான்யா" என்றார், டம்ளரைப் பார்த்தபடி. "பயத்துல அலறினதே நான்தான்."